மதிலுக்கு வெளியே ஒரு விகாரை

ஆனந்தருக்குக் குசிநாரை பிடிக்கவில்லை. இரண்டு சால மரங்களுக்கு நடுவே கடைசிப் படுக்கையை விரிக்கச் சொல்லிப் புத்தர் சாய்ந்திருக்கிறார். ஆனந்தரோ, இந்தக் காட்டோரத்து மண்சுவர்ச் சிற்றூரிலா பரிநிர்வாணம் அடைய வேண்டும், சம்பை இல்லையா, இராசகிருகம் இல்லையா, சாவத்தியும் கோசாம்பியும் வாரணாசியும் இல்லையா என்று முறையிடுகிறார். மகாபரிநிப்பான சுத்தத்தில் வரும் இந்தக் கட்டம் ஒரு பயணியின் அங்கலாய்ப்பு என்றே எனக்குப் படுகிறது. பெரியவர் ஒருவரின் முடிவுக்கு ஏற்ற பின்னணி வேண்டும் என்று தவிக்கிற மனம் அது. புத்தரின் பதில் இன்னும் விநோதமானது. அப்படிச் சொல்லாதே, இவ்வூர் முன்பு குசாவதி என்ற பேரூர், மகாசுதஸ்ஸன மன்னனின் தலைநகர் என்கிறார். தீக நிகாயத்தில் அடுத்து வரும் சுத்தம் அந்த நகரை விரித்துச் சொல்கிறது. ஏழு மதில்கள், ஒன்று பொன்னால், ஒன்று வெள்ளியால், ஒன்று வைடூரியத்தால், ஒன்று பளிங்கால். ஆனந்தர் ஒரு மதிலுக்கு ஏங்கினார், புத்தர் ஏழு மதில்களைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவை யாவும் கடந்துபோயின, மாறிப்போயின என்று கடைசியில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

இதை நிலையாமைப் பாடமாக வாசிப்பதே வழக்கம். அந்த வாசிப்பில் தவறில்லை, ஆனால் போதாது. எல்லாம் அழியும் என்பதுதான் சொல்ல வந்தது என்றால் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். தெருத்தெருவாக, வாசல்வாசலாகக் குசாவதியைக் கட்டி எழுப்ப வேண்டியதில்லை. கண்ணெதிரே மண்சுவரை மட்டும் பார்க்கிறவருக்கு, அதற்கு முன்னால் என்னென்ன இருந்தன, எவையெவை கூடியும் கலைந்தும் இந்தச் சுவர் வந்து நிற்கிறது என்று பார்க்கப் பழக்குவதுதான் அங்கே நடக்கிறது. ஓர் ஊரைப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? இது பயண ஏற்பாட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும் அடியில் ஒரு சமயக் கேள்வி. இடத்தின் பெருமை கல்லில் இருக்கிறதா, பார்ப்பவர் மனத்தில் இருக்கிறதா, இரண்டுக்கும் இடையில் வேறெங்காவது இருக்கிறதா? கோலார் தங்கவயலில் இருந்து பார்த்தால் இதற்கு விடை சொல்ல ஒரு நேரான வழி கிடைக்கிறது. அந்த வழி இலங்கையின் தென்கோடியில் இருக்கும் காலி நகரின் வழியாகப் போகிறது.

காலிக் கோட்டை அழகானது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். மூன்று பக்கம் கடல், நடுவில் நாக்குப்போல் நீண்ட நிலம், அதைச் சுற்றிக் கனத்த மதில். போர்த்துகீசியர் தொடங்கிய கோட்டையை 1640இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், விரித்துக் கட்டினார்கள். 1796இல் அது பிரிட்டிஷார் கைக்குப் போனது. பழைய வாசலின் உட்புறம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை 1669 என்ற ஆண்டோடு இருக்கிறது. அதே வாசலின் வெளிப்புறம் பிரிட்டிஷ் அரசின் சின்னம். உள்ளே 1755இல் எழுந்த டச்சு தேவாலயம், தேவாலயத்தின் சாயலிலேயே கட்டிய வெள்ளைப் பள்ளிவாசல், கலங்கரை விளக்கம், ஓட்டுக்கூரை வீடுகள். 1988இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு அந்த வீடுகளில் பல விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் ஆகிவிட்டன. மாலையில் மதில்மேல் நடப்பதும், டெஸ்ட் போட்டி நடக்கும் நாளில் அதே மதில்மேல் நின்று வெளியே இருக்கும் மைதானத்தில் காசில்லாமல் கிரிக்கெட் பார்ப்பதும் காலியின் சுகங்கள். இவற்றை அனுபவிப்பதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை.

ஆனால் அந்த மதில் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று டச்சுக்காரர்கள் பெயரிட்ட கொத்தளங்கள் மூன்றும் இருப்பது கடல் பக்கம் இல்லை, நிலத்தின் பக்கம். போர்த்துகீசியர் முதலில் அடைத்ததும் அந்த நிலப்பக்கத்தைத்தான். மதில் உயர்ந்தும் தடித்தும் இருப்பது அங்கேதான். கடலில் இருந்து வந்தவர்கள் கடலை நம்பினார்கள், நாட்டை நம்பவில்லை. எவருடைய ஊரில் வந்து இறங்கினார்களோ அவர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள எழுந்த சுவர் அது. இலவங்கப்பட்டை உள்ளே வரும், பட்டை உரித்தவர் வெளியே நிற்பார். சுவர் கட்டிய கைகளைப் பற்றிக் கேட்டால் நம் கரைக்கே வந்துசேர வேண்டியிருக்கும். 1658இல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து 1661 வரை, பீஜப்பூர்ப் படையெடுப்புகளால் நிலைகுலைந்த தஞ்சை நாட்டில், நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி விலைக்கு வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் கப்பலேறிய இடம் இலங்கை. காலி மதில் பெரிதாக வளர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டுகளில்.

பௌத்தம் இப்படிப் பார்ப்பதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சார்பில் தோன்றுவது. எதுவும் தன்னந்தனியாக நிற்பதில்லை. ஒன்று இருப்பதால் இன்னொன்று தோன்றுகிறது, அது அற்றால் இதுவும் அறும். இந்தப் பன்னிரு சார்புகளைத் தமிழில் முழுதாக எடுத்துச் சொல்லும் பழைய நூல் மணிமேகலை. அதன் முப்பதாம் காதை, அதாவது கடைசிக் காதை, அதற்கென்றே அமைந்தது. கதையில் வரும் கடல் கடந்த பயணம் ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. புகார் என்னும் கடற்கரை நகரிலிருந்து மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட மணிமேகலை அங்கே புத்த பீடிகையைக் காண்கிறாள். கண்டதும் அவளுக்குத் தெரிவது பீடிகையின் வேலைப்பாடு இல்லை, தன்னுடைய முற்பிறப்பு. ஓர் இடத்தைத் தரிசிப்பதற்குத் தமிழில் இதைவிடக் கூர்மையான வரையறை எனக்குத் தெரியவில்லை. தன்னைக் காட்டி நின்றுவிடும் இடம் காட்சிப் பொருள். பார்க்க வந்தவர் எவற்றைச் சார்ந்து இங்கே வந்து நிற்கிறார் என்று காட்டும் இடம் தலம். மறுபிறப்பில் நம்பிக்கை இல்லாதவரும் இதை ஏற்கலாம். அயோத்திதாசர் வழிவந்த தமிழ்ப் பௌத்தர்கள் மதத்தைப் பகுத்தறிவோடு உரசிப் பார்க்கத் தயங்காதவர்கள். அவர்களுக்கும் முற்பிறப்பு என்பதை ஒரு சமூகத்தின் முன்கதை என்று கொள்வதில் தடை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தங்கவயல்காரர் ஒருவருக்குக் காலி காட்டக்கூடிய முற்பிறப்பு என்ன என்பதைச் சொல்கிறேன். 1880 மே 17 அன்று ஹென்றி ஆல்காட் என்ற அமெரிக்கரும் பிளவாட்ஸ்கி என்ற ரஷ்யப் பெண்மணியும் காலித் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இலங்கைக்கு வரும் கப்பல்களின் முதன்மைத் துறை என்ற பெருமையைக் காலி கொழும்பிடம் இழந்துகொண்டிருந்த காலம் அது. மே 25 அன்று இருவரும் காலியின் விஜயானந்த விகாரையில் ஊர்மக்கள் திரண்டு நிற்கப் பஞ்சசீலம் ஏற்றார்கள். விகாரை இருப்பது கோட்டைக்குள் இல்லை. மதிலுக்கு வெளியே வெலிவத்தையில். பாணந்துறையில் 1873இல் நடந்த பௌத்த கிறிஸ்தவ விவாதத்துக்குப் பிறகு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்த சிங்கள பௌத்தத்துக்கு அந்த நாள் பெரும் தெம்பு. தமிழர்களான நமக்கு அதன் விளைவு பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. சென்னையில் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்த ஆல்காட்டை பண்டிதர் அயோத்திதாசர் அணுகினார். 1898இல் அவரோடு கொழும்பு சென்று மாளிகாகந்தையில் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அந்தத் தேரரின் பெயரோடு ஒட்டிய ஊர் ஹிக்கடுவை. காலிக்கு அருகே உள்ள கடற்கரை ஊர். அயோத்திதாசர் திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகளில் வேரோடிப் பெருத்தவை சென்னையைவிடத் தங்கவயலில்தான்: மாரிகுப்பத்தில், சாம்பியன் ரீஃப்ஸில். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926இல் மீண்டும் எழுப்பியது சாம்பியன் ரீஃப்ஸின் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. நாகபுரியில் அம்பேத்கர் தீட்சை ஏற்ற 1956க்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே சுரங்கத் தொழிலாளர்களின் ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளில் பௌத்தக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அம்பேத்கரே 1954இல் அங்கே வந்து போனார்.

ஒரு கப்பல், ஒரு விகாரை, ஒரு தேரர், ஓர் இதழ், ஒரு புத்தகசாலை. இந்தச் சங்கிலியில் கோட்டை மதிலுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. வெலிவத்தையில் அன்று கூடிய மக்கள் தங்கள் சமயத்தைத் திரும்பப் பிடிக்க வேண்டி வந்ததற்கே அந்த மதிலும் அதன் உள்ளிருந்து நடந்த முந்நூறாண்டு ஆட்சியும் காரணம். அரசு வேலைக்கும் நில உரிமைக்கும் ஞானஸ்நானம் பார்க்கப்பட்ட டச்சுக் காலத்தின் நினைவு அந்தக் கரையில் இருந்தது. ஆக மதிலைப் பார்க்காமல் விகாரை புரியாது. விகாரையைப் பார்க்காமல் மதிலும் புரியாது என்பதுதான் என் வாதம். சுவர் என்பதே இரண்டு பக்கம் உள்ள பொருள். உட்பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் பாதிச் சுவரைத்தான் பார்த்தார்.

தங்கவயலுக்கு மதில் இல்லை, கடலும் இல்லை. ஆனாலும் காலியைப் படிக்க அதைவிட நல்ல உரைநூல் கிடையாது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் வந்து இறங்கிய பிறகு அந்த வறண்ட மேட்டில் எழுந்ததும் ஒரு கோட்டை நகரம்தான், சுவர்கள்தான் வேறு மாதிரி. ஒரு பக்கம் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் திடல், தேவாலயம். ‘குட்டி இங்கிலாந்து’ என்ற பெயரே அதற்கு இருந்தது. மறுபக்கம் மூங்கில் தட்டியும் தகரமும் கொண்டு வரிசைவரிசையாக எழுந்த லைன் வீடுகள். வடஆர்க்காட்டில் இருந்தும் சேலத்தில் இருந்தும் சித்தூரில் இருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் சொந்த ஊரில் சேரிக்கு ஒதுக்கப்பட்ட தமிழர்கள், அந்த லைன்களில் குடியேறினார்கள். சிவசமுத்திரத்தில் இருந்து காவிரியின் மின்சாரம் 1902இல் சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூரின் தெருவிளக்குகள் மூன்று ஆண்டு காத்திருந்தன. தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930இல் மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது என்பதிலிருந்தே அங்கே எழுந்த சுவர் எத்தகையது என்று ஊகிக்கலாம். கல்லால் கட்டினால் இடிந்துபோகலாம். பேரேட்டில் கட்டிய சுவர் உள்ளங்கை வரை வரும்.

தங்கவயலின் பெருஞ்சுவர் கீழ்நோக்கிப் போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறை தொட்டாலே சுடும். மேலிருக்கும் பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். அதை அங்குள்ளவர்கள் ஏர்பிளாஸ்ட் என்பார்கள், லைன் வீடுகளின் பாத்திரங்களும் நடுங்கும். ஒரு சின்ன விலகல்: அந்தப் பாறைச் சுவரின் தடிமனே 1965இல் அறிவியலுக்கு உதவியது. விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களையெல்லாம் அது தடுத்துவிட்டதால், எதையும் துளைத்து வரும் நியூட்ரினோவின் தடயத்தை டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களும் அங்கே பதிவு செய்தார்கள். வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்று தங்கவயல். ஒரு சுவரைப் பற்றி அறிய, அது எதை நிறுத்தியது என்பதோடு எது அதைக் கடந்து வந்தது என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. நூற்று இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்த பிறகு, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. தங்கம் போன இடங்களில் அது தங்கவயலுடையது என்ற அடையாளம் இல்லை. இங்கே மிஞ்சியது சயனைடு கலந்த மண்மேடுகள், 3 கோடி டன்னுக்கும் மேல். காற்றடித்தால் அந்தத் தூள் ஊருக்குள் வரும். பிழைப்புக்கு விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய்வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். குசிநாரையைப் பார்த்த ஆனந்தரின் கண்ணோடு வருகிறவருக்கு இங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

இனி மறுப்புகள். இடத்தின் பெருமை கல்லில் இல்லை, சார்பில் இருக்கிறது என்றால், அது முடிவில் பார்ப்பவரின் மனத்தில்தானே இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து வரலாற்று நூல் படித்தால் போதாதா என்று கேட்கலாம். வலுவான கேள்வி. இதற்குத் தங்கவயலே பதிலும் வைத்திருக்கிறது. 2018இலும் 2022இலும் வந்த கன்னடத் திரைப்படங்கள், கோலார் தங்கவயலின் ஆங்கிலச் சுருக்கமான கே.ஜி.எஃப். என்ற மூன்றெழுத்தை நாடெங்கும் கொண்டுபோயின. படக்கதை கற்பனை. சயனைடு மேட்டின் மேல் படப்பிடிப்பு நடந்தது என்பது மட்டும் உண்மை. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த மேட்டில் தேடுவது திரையில் கண்ட உலகத்தை. மேடு அவர்களுக்கு எதையும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் கொண்டுவந்த படம் அதற்கு முன்பே பேசி முடித்துவிட்டது. மனம் மட்டுமே இடத்தை உண்டாக்கும் என்றால் இந்தப் பார்வையும் லைனில் பிறந்து வளர்ந்தவரின் பார்வையும் ஒரே எடை என்று ஆகிவிடும். அப்படி இல்லை என்று யாருக்கும் தெரியும். சார்பு என்பது நினைப்பு இல்லை. நடந்த உழைப்பு, ஏறிய கப்பல், சுவாசித்த தூள். அயோத்திதாசரும் பஞ்சசீலத்தின் வாசகங்களைச் சென்னையிலேயே படித்திருக்கலாம். கடல் கடந்து, அறாமல் வந்த ஒரு மரபில் இருக்கும் உயிருள்ள மனிதரிடம் போய் நின்று பெற்றார். இடமும் ஒரு சார்பு என்று அவர் அறிந்திருந்தார்.

அப்படியானால் எல்லாம் கல்லில்தான், மற்றது ஏற்றிச் சொல்வது என்று எதிர்த் திசையில் இருந்து வருகிறவருக்கு ஒரு கல்லையே காட்டலாம். 1409 என்ற ஆண்டைக் கொண்ட சீனக் கல்வெட்டு ஒன்றைச் செங் ஹே என்ற கடற்படைத் தலைவர் காலிப் பகுதிக்குக் கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரைக் கோயிலின் தெய்வமான தெனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனுக்கு. பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்கும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் பெற்றது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க மூன்று மொழியா, மூவரையும் ஒப்ப மதித்ததா என்று வாதிட இடமுண்டு. கப்பற்படையோடு வந்த பக்தியை நான் முழுதாக நம்பமாட்டேன். நமக்கு வேண்டியது பிறகு நடந்தது. தெனாவரைக் கோயிலைப் போர்த்துகீசியர் 1588இல் அழித்தார்கள். அந்தக் கல்லோ 1911இல் காலியில் ஒரு சாலையோரக் கால்வாயின் மூடுகல்லாகக் கிடந்து ஒரு பொறியாளர் கண்ணில் பட்டது. கால்வாயை மூடிக் கிடந்தபோதும் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கும்போதும் கல் அதேதான். எழுத்தும் அதேதான். பெருமை கல்லின் குணம் என்றால் அது மூடுகல்லாகக் கிடந்த காலத்தில் எங்கே போயிருந்தது?

இவற்றைவிடக் கடினமான மறுப்பை 2004 டிசம்பர் 26 எழுப்பியது. அன்று ஆழிப்பேரலை காலியைத் தாக்கியபோது கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் அந்த மதில்தான் காப்பாற்றியது. அடிமை உழைப்பில் எழுந்த சுவர், அன்னியரைக் காக்க எழுந்த சுவர், தலைமுறைகள் கழித்து உள்ளே வாழ்ந்த முஸ்லிம், சிங்கள, தமிழ்க் குடும்பங்களை அலையிலிருந்து மறைத்து நின்றது. சுவரின் பிறப்பைச் சொல்லி அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? ஏற்றக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். தீய காரணத்தில் பிறந்தது நல்ல பயனைத் தராது என்று சார்புக் கொள்கை எங்கும் சொல்வதில்லை. ஆனால் அதே காலையில் மதிலுக்கு வெளியே பேருந்து நிலையத்தில் நின்றவர்களை நீர் அள்ளிக்கொண்டு போனது. கிரிக்கெட் மைதானம் சேறாகிக் கிடந்து மறுபடி போட்டி காண மூன்று ஆண்டு ஆயிற்று. ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் ஒரு ரயிலிலும் அதைச் சுற்றியும் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மதில் காத்தது என்ற உண்மையும், காத்தது உள்ளே இருந்தவர்களை என்ற உண்மையும் சேர்ந்தே வருகின்றன. முதல் உண்மையை மட்டும் சொல்லும் வழிகாட்டி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.

கடைசியாக, களைப்பாற இரண்டு நாள் கடற்கரைக்குப் போகிறவர் மேல் அடிமைக் கதையையும் சுரங்கச் சாவையும் ஏற்றி வைப்பது கொடுமை, இன்பத்தைக் குற்றவுணர்வாக மாற்றும் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். தஞ்சைப் பெரிய கோயிலையும் இப்படித்தான் பார்க்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குற்றவுணர்வோடு பார்ப்பவரும் தன்னைத்தான் பார்க்கிறார். தான் நல்லவர்தானா என்ற கவலையில் ஊர் மறுபடியும் மறைந்துபோகிறது. நான்கு இடங்களைச் சென்று காண்பது நன்று என்று புத்தர் தாமே சொன்னதாக அதே மகாபரிநிப்பான சுத்தம் கூறுகிறது: பிறந்த இடம், போதம் பெற்ற இடம், முதலில் அறம் உரைத்த இடம், மறைந்த இடம். அங்கே எழ வேண்டியதாகச் சொல்லப்படும் உணர்வுக்குச் சம்வேகம் என்று பெயர். குற்றவுணர்வு என்று அதை மொழிபெயர்க்க முடியாது; தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழிப்பது போன்றது அது. விழித்தவருக்குக் கடல் இன்னும் நீலமாகத்தான் இருக்கும், காபியும் கசந்துவிடாது. பெரிய கோயிலைப் பொறுத்தவரை, ஆம், அப்படித்தான் பார்க்க வேண்டும். நிவந்தம் தந்தவர்கள், ஆடல்மகளிர், விளக்கெரிக்க ஆடு வளர்த்தவர்கள் என்று அத்தனை பேரையும் சுவரிலேயே பெயர் சொல்லி எழுதி வைத்த கோயில் அது. தன் சார்புகளைத் தானே ஓரளவு ஒப்புக்கொண்ட கட்டடம் என்பதால் அதைப் பார்ப்பது எளிது. காலி மதில் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. தங்கவயலின் மண்மேடும் எழுதி வைக்கவில்லை.

காலிக்குப் போகும் தமிழ்ப் பயணிகள் இப்போது பெருகியிருக்கிறார்கள்; தங்கவயல் குடும்பங்களில் இருந்து பெங்களூர் கம்பெனிகளில் வேலைக்குப் போன இளைஞர்களும் அவர்களில் இருப்பார்கள். மதில்மேல் ஒரு சுற்று நடந்து முடித்ததும், கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நிலப்பக்க வாசல் வழியே வெளியேறி, வெலிவத்தை விஜயானந்த விகாரைக்கு வழி கேளுங்கள். உங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்து லைனில் ‘தமிழன்’ இதழை உரக்கப் படித்த குரல் அங்கிருந்து புறப்பட்டு வந்ததுதான்.